பயந்த தெருநாயை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறீர்களா? தத்தெடுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம்

தெருநாய்கள் பற்றிய செய்திகளில் ஒரே எண்தான் திரும்பத் திரும்ப வரும். 2024-ல் நாடு முழுவதும் 37,17,336 நாய்க்கடிகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன எண் அது. தரவுச் செய்தி எழுதும் ஆள் என்ற முறையில் நானும் அதைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் மாநில வாரியான அந்த அட்டவணையில் ஒரு விஷயம் இல்லை. கடித்த நாய் ஏன் கடித்தது? துரத்தி வந்து கடித்ததா, மூலையில் மாட்டிக்கொண்டு தப்பிக்க வழியில்லாமல் கடித்ததா?

இந்தக் கேள்வி இப்போது சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை, தடுப்பூசி முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ரேபிஸ் உள்ள, ரேபிஸ் சந்தேகம் உள்ள அல்லது ஆக்ரோஷமான நாய்களை மட்டும் விடக்கூடாது என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகங்களில் பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது என்று இன்னொரு உத்தரவு வந்தது.

சிக்கல் என்னவென்றால், வலையில் பிடித்துக் கூண்டில் போட்ட பயந்த நாயும் ஆக்ரோஷமான நாயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் பல்லைக் காட்டும், இரண்டும் உறுமும்.

ஆகஸ்ட் உத்தரவில் இன்னொரு வரியும் உண்டு. விருப்பமுள்ளவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்து தெருநாயைத் தத்தெடுக்கலாம். ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு. "ரெண்டு வாரம் வச்சுப் பார்ப்போம், சரிப்படலன்னா அங்கேயே விட்டுடலாம்" என்பதற்கு இடமில்லை. எனவே நீங்கள் கொண்டுவரும் நாய் எவ்வளவு பயந்தது, அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏன் இவ்வளவு பயம்?

நாய்க்குட்டி பிறந்து சுமார் 3-வது வாரத்திலிருந்து 12, 14-வது வாரம் வரை, சுற்றியுள்ள எது ஆபத்தில்லாதது என்று கற்றுக்கொள்ளும் பருவம். அப்போது மனிதக் கை அன்பாகத் தொட்டிருந்தால் ஒரு கணக்கு. கல்லெறி மட்டும் கிடைத்திருந்தால் வேறு கணக்கு. மேற்கு வங்கத்தில் 7 இடங்களில் 5 ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வில், 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருநாய்க் குட்டிகளில் சுமார் 19 சதவீதம்தான் இனப்பெருக்க வயது வரை பிழைத்தன. இறப்புகளில் 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்களே காரணம். நம்மைப் பார்த்து ஓடும் நாய் சும்மா ஓடவில்லை. ஓடியதால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

வாலைக் காலிடுக்கில் நுழைத்துக்கொள்வது, காதைப் பின்னால் மடிப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, பசியில்லாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது எல்லாம் பயத்தின் அடையாளங்கள். நம்மில் பலர் தவறாகப் படிப்பது உறைந்துபோன நாயைத்தான். அசையாது, உறுமாது, தொட்டாலும் சும்மா இருக்கும். "பாவம், எவ்ளோ சாது" என்போம். அது சாது இல்லை. தப்பிக்க முடியாது என்று கைவிட்ட நிலை. அதைத் தூக்கி மடியில் வைத்தால் பயம் போகாது. ஒருநாள் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கவும் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. தெருவில் எல்லோரிடமும் பழகிய நாய் திடீரென ஒளிந்துகொள்வது, எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, குரல் மாறுவது என்றிருந்தால் அது ரேபிஸாக இருக்கலாம். கிட்டே போகாமல் மாநகராட்சிக்குத் தகவல் சொல்லுங்கள்.

முதல் சில வாரங்கள்

2022-ல் டெல்லியில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் ஒளிந்திருந்த ஒரு பெண் நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். காவலாளி அண்ணன் வைத்த பெயர் பூரி. ஹிந்தியில் பழுப்பு நிறத்தவள் என்று அர்த்தம், நம்ம ஊர் பூரி இல்லை. முதல் நாளே குளிப்பாட்டினேன். அது நான் செய்த பெரிய தவறு. அதன் பிறகு 3 வாரம் குளியலறைப் பக்கம் நான் போனாலே அவள் நடுங்குவாள்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். ஒரு சின்ன அறை, அதில் ஒளிந்துகொள்ள ஓர் இடம்: கட்டிலடி, கவிழ்த்த அட்டைப்பெட்டி, எதுவானாலும் சரி. அங்கிருந்து இழுக்கவே கூடாது. சாப்பாடு, தண்ணீரைத் தினமும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பிறகு அறையில் பக்கவாட்டாகத் திரும்பி, தரையில் உட்கார்ந்து புத்தகமோ ஃபோனோ பார்த்துக்கொண்டிருங்கள். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாம், கையை நீட்டவும் வேண்டாம். அவ்வப்போது ஒரு கோழித்துண்டை நாயின் பின்பக்கமாகத் தூக்கிப் போடுங்கள். பின்னால் போட்டால், சாப்பிடுவதற்காக அது உங்களை விட்டு விலகிப் போகலாம். கிட்டே வந்தால்தான் சோறு என்றால் அது பேரம். பசியும் பயமும் மோதும். விலகவும் அனுமதி உண்டு என்று புரிந்த பிறகுதான் நாய் தானாகக் கிட்டே வரும்.

சத்தத்துக்கும் இதே முறைதான். குக்கர் விசில் தூரத்தில் மெதுவாகக் கேட்கும்போது உடனே ருசியான ஒன்று வர வேண்டும். பல நாள் கழித்து விசில் கேட்டால் நாய் உங்கள் கையைப் பார்க்கும். அவசரப்பட்டு சமையலறையிலேயே கட்டிப்போட்டால் "பழகிடும்" என்பார்கள். பழகாது, உறைந்துபோகும்.

இதற்கிடையில் கால்நடை மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நம்ம ஊர்த் தெருநாய்களில் உண்ணிக் காய்ச்சல் சகஜம். சுருண்டு கிடப்பது பயத்தாலா, நோயாலா, வலியாலா என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. கடும் பயத்துக்கு மருந்தும் உண்டு. அதை மருத்துவர்தான் எழுத வேண்டும், மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுக்கக்கூடாது.

முதல் மாதங்களில் பெரிய ஆபத்து, நாய் தப்பி ஓடுவது. பழைய தெருவும் தெரியாது, புதுத் தெருவும் தெரியாது. வெளியே போகும்போது கழுத்துப்பட்டையோடு மார்புப்பட்டையும் போட்டு, இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். தீபாவளி வாரத்தில் இரவு நடையே வேண்டாம்.

உங்களைக் கடித்துவிட்டால், "நம்ம நாய்தானே" என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள். ரத்தம் வந்த காயமென்றால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். இந்த வேலையை அடிக்கடி செய்பவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

எவ்வளவு நாளாகும்?

இதற்கு நல்ல தரவு இருப்பது அமெரிக்காவில். வட கரோலினாவில் ஏஎஸ்பிசிஏ அமைப்பு கடும் பயம் கொண்ட நாய்களுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் நடத்துகிறது. அந்தத் திட்டத்தில் சேர்ந்த 441 நாய்களை ஆராய்ந்ததில் 380 நாய்கள், அதாவது 86 சதவீதம், தத்துக்குத் தயாராயின. சராசரியாக 96 நாள் ஆனது. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர்கள், தனி அறைகள், துணைக்குத் தைரியமான நாய்கள் எல்லாம் உண்டு. உங்கள் இரண்டு அறை ஃபிளாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு, அதைவிட அதிக நாள் ஆகும் என்றே கணக்குப் போடுங்கள்.

அந்த மீதி 14 சதவீதத்தையும் நான் மறக்க விரும்பவில்லை. சில நாய்களுக்கு நான்கு சுவர்தான் தண்டனை. சொந்தத் தெருவில், தெரிந்த டீக்கடைக்காரர் பார்வையில், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்து காது நுனியில் அடையாள வெட்டோடு வாழ்வது அவற்றுக்கு நல்ல முடிவாக இருக்கலாம். 2023-ம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் சொல்வதும் பிடித்த இடத்திலேயே விடுவதைத்தான். வளர்ந்த, தெருவில் வேரூன்றிய, மனிதரைத் தொடவிடாத ஒரு நாயை அதன் இடத்தில் விட வழி இருந்தால், தத்துப் படிவத்தைவிட அதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். அந்த இடம் பள்ளியோ மருத்துவமனையோ என்றால் நவம்பர் உத்தரவுக்குப் பிறகு அந்த வழி இல்லை. அங்கேதான் பொறுமையான வீடுகள் உண்மையிலேயே தேவைப்படுகின்றன.

பூரி, நான் அறையில் இருக்கும்போது முதல்முறை சாப்பிட்டது 19-ம் நாள். தானாக வந்து என் முழங்காலை மோந்து பார்த்தது ஐந்தாவது மாதம். குக்கர் விசில் வந்தால் இன்றும் கட்டிலுக்கு அடியில்தான் இருப்பாள். இப்போதெல்லாம் வாலை மட்டும் வெளியே விட்டுவைக்கிறாள்.