எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடுவது?

முட்டுக்காடு முகத்துவாரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் கானாத்தூர். கப்பல் படிப்புக்குப் பெயர்பெற்ற அமெட் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. தெற்கே வந்து கோவளத்தில் திரும்பிக் கேளம்பாக்கம் போனால் செட்டிநாடு. பழைய மகாபலிபுரம் சாலையில் வடக்கே படூரில் இந்துஸ்தான். அதே சாலையில் தெற்கே காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என். கல்லூரியும் சிவ் நாடார் பல்கலைக்கழகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் போகும் சாலையில் வி.ஐ.டி.யின் சென்னை வளாகம், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், சாலை முடிகிற வண்டலூரில் கிரசென்ட். பைக்கில் கிளம்பினால் ஒரே பிற்பகலில் இத்தனையையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

முப்பது வருடங்களுக்கு முன்பு இந்த வட்டத்துக்குள் பல்கலைக்கழகம் என்று ஒன்றுகூடக் கிடையாது. இருந்த கல்லூரிகளில் பெரும்பாலானவை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாக நிகர்நிலை அந்தஸ்து வாங்கின. அமெட் 2007-இல், இந்துஸ்தான் 2008-இல். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். அவற்றுக்கு முன்பே, 2002-இல். பட்டச் சான்றிதழில் யார் பெயர் இருக்கும், கட்டணம் எவ்வளவு என்றுதான் பெற்றோர் பேசினார்கள். மைதானத்தில் நடந்த மாற்றத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததோ அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டையைத்தான் அதன் கால்பந்து வீரர் போட முடியும். இணைப்பு மாறினால் எதிரணி மாறும், தேர்வாளர் மாறுவார், சீனியராகக் கூட ஆடியவரே எதிரே நிற்பார்.

அமெரிக்காவில் இதே விஷயம் வருடம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அங்கே கல்லூரிக் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம். பல்கலைக்கழகங்கள் 'கான்பரன்ஸ்' என்ற குழுக்களாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொள்கின்றன. எந்தப் பல்கலைக்கழகம் எந்தக் குழுவை விட்டு எந்தக் குழுவுக்குத் தாவப்போகிறது என்று ஊகிப்பதே அங்கே ஒரு தொழிலாகிவிட்டது. 2021 ஜூலையில் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் தங்கள் குழுவை விட்டுத் தென்கிழக்குக் குழுவில் சேர முடிவெடுத்தன. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள், யு.சி.எல்.ஏ.வும் யு.எஸ்.சி.யும், 'பிக் டென்' குழுவுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த கோடையில் மற்றவர்களும் கிளம்பினார்கள். 1915 முதல் வேர்விட்டிருந்த பசிபிக் கரைக் குழுவில் 2024 சீசனுக்கு மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே இரண்டு. நம் ஊர் வீடுகளில் ஐ.ஐ.டி.க்கு இணையாகப் பேசப்படுகிற ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இப்போது நாட்டின் மறுகரையில் இருக்கிற அட்லாண்டிக் குழுவில் ஆடுகின்றன.

காரணம் தொலைக்காட்சிப் பணம். பிக் டென் குழு 2022-இல் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடு போட்ட ஏழு வருட ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 700 கோடி டாலர். அந்தப் பணத்துக்காகக் கால்பந்து அணி இடம் மாறியபோது வாலிபால் பெண்களும் நீச்சல் வீரர்களும் கூடவே போக வேண்டியதாயிற்று. லாஸ் ஏஞ்சலீஸ் மாணவி வாரநாளில் விமானம் ஏறி நியூஜெர்சி போய் ஆடிவிட்டுத் திரும்பி வந்து பரீட்சை எழுதுகிறார். அவர்களிடம் யாரும் கேட்டுவிட்டு முடிவெடுக்கவில்லை.

நம் பக்கம் தொலைக்காட்சிப் பணம் இல்லை. ஆனாலும் மாணவரைக் கேட்காமல் முடிவெடுக்கிற பழக்கம் இங்கேயும் அதேதான்.

இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925-இல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியமாகத் தொடங்கிய அமைப்பு அது. நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் சவுத் ஜோன். கால்பந்தில் மண்டலப் போட்டியில் முதல் நான்கு இடம் பிடிக்கிற அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். தொடக்கச் சுற்றுகள் நாக்-அவுட். இரண்டு நாள் ரயிலில் போய், தொண்ணூறு நிமிடம் ஆடித் தோற்று, அன்று இரவே ரயிலேறுகிற அணிகள் ஏராளம்.

அந்தத் தொண்ணூறு நிமிடத்துக்காக ஏன் இவ்வளவு பாடு? காரணம் ஒரு தாள். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் 'ஃபார்ம் 3' என்று ஒரு படிவம் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டுத் தருவது. ரயில்வே, அஞ்சல் துறை, வருமான வரித் துறை என்று எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கிற காகிதங்களில் ஒன்று அது. தமிழ்நாடு அரசும் வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீதம் ஒதுக்குகிறது. 'பையன் யூனிவர்சிட்டி ஆடியிருக்கான்' என்று ஒரு மீனவக் குப்பத்து அம்மா பெருமையாகச் சொல்வதற்குப் பின்னால் ஒரு மாதச் சம்பளக் கனவு இருக்கிறது.

பல்கலைக்கழகம் பிரிவது புதிதல்ல. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லை ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுவதும் பரவியிருந்தது. 1916-இல் மைசூர் தனியானது, 1926-இல் ஆந்திரா, 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலை. 1966-இல் மதுரை, 1982-இல் கோவையும் திருச்சியும், 2002-இல் வேலூர். 1978-இல் உருவான அண்ணா பல்கலைக்கழகம் 2001-க்குப் பிறகு மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளையெல்லாம் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2007-இல் அதுவே கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று உடைந்தது, பின்னர் மதுரையும் சேர்ந்தது. 2012-இல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். ஒரு பொறியியல் மாணவர் படித்து முடிப்பதற்குள் அவருடைய பல்கலைக்கழகமே பிறந்து மறைந்துவிடக்கூடிய காலம் அது.

பிரிவு என்றாலே நஷ்டம் என்று சொல்லிவிடவும் முடியாது. கேரளப் பல்கலைக்கழகத்திலிருந்து 1968-இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் பிரிந்தது. மூன்றே வருடத்தில், 1971-இல், கோல்கீப்பர் விக்டர் மஞ்ஞிலா தலைமையில் அந்த அணி அகில இந்தியக் கால்பந்துக் கோப்பையான அசுதோஷ் முகர்ஜி ஷீல்டை முதல் தடவையாக வென்றது. திருவனந்தபுரத்துத் தேர்வுக்கு வந்து இடம் கிடைக்காமல் திரும்பியிருக்கக்கூடிய மலபார், திருச்சூர் பையன்களுக்குத் தங்கள் பெயரில் ஒரு அணி கிடைத்தது. ஃபரூக் கல்லூரி, இரிஞ்ஞாலக்குடா கிறைஸ்ட் கல்லூரி, மம்பாடு எம்.இ.எஸ். கல்லூரி என்று கால்பந்தை உயிராக நினைக்கிற கல்லூரிகள் அனைத்தும் ஒரே குடையின் கீழ் வந்தன. அரசுக் கல்லூரி, உதவிபெறும் கல்லூரி என்று எல்லாமும் அந்தக் குடைக்குள் இருந்தன. ஒரு வட்டாரம் மொத்தமாகப் பிரிந்து போனது. வசதியுள்ளவர்கள் மட்டும் கழன்றுகொள்ளவில்லை. இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கடற்கரைச் சாலையில் நடந்தது வேறு மாதிரி. மைதானம், ஜிம், ஹாஸ்டல் என்று வசதி படைத்த கல்லூரிகள் தனித்தனியாகக் கிளம்பின. வசதி குறைந்தவை இருந்த இடத்திலேயே நின்றன. செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி இன்னும் சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் அங்கேதான்.

மேலக்கோட்டையூர்க் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. விளையாட்டுக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று 2004-இல் சட்டம் போட்டு 2005-இல் தொடங்கினார்கள். நல்ல எண்ணம்தான். மாநிலத்தின் உடற்கல்விக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியும் அதில் ஒன்று. 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய அந்தக் கல்லூரி ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிப்போனவரும் இந்த பக் தான். உடற்கல்வியையே படிப்பாக எடுத்த இளைஞர்கள் ஒரே நாளில் வேறு பல்கலைக்கழகத்துக்கு உரியவர்களானார்கள். சென்னைப் பல்கலைக்கழக அணியின் பெரிய ஊற்று ஒன்று அத்தோடு அடைபட்டது.

ஆனால் அணிகள் பெருகியிருக்கின்றனவே, இடங்களும் பெருகியிருக்குமே என்று கேட்கலாம். கணக்குப்படி சரி. ஒரு அணிக்கு இருபது பேர் என்று வைத்துக்கொண்டால், முன்பு சென்னை, செங்கல்பட்டுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இருந்த இருபது இடம் இன்று பல மடங்கு. அந்த இடங்களை யார் நிரப்புகிறார்கள் என்பதுதான் கேள்வி. தனியார் பல்கலைக்கழகங்கள் கட்டணமில்லாப் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ என்று கொடுத்து ஏற்கெனவே தேறிய வீரர்களைப் பிற மாநிலங்களிலிருந்தும் கூட்டி வருகின்றன. ஏழை வீட்டுப் பையன் ஒருவன் கால்பந்தால் பொறியியல் படிக்கிறான் என்றால் அதைவிட நல்ல விஷயம் என்ன இருக்கிறது? ஆனால் பிளஸ் டூ வரை யார் கண்ணிலும் படாமல், கல்லூரிக்கு வந்த பிறகே ஆட்டம் கூடுகிறவர்கள் உண்டு. அவர்களைக் கண்டுபிடித்தது பழைய இன்டர்-காலேஜ் போட்டி. அரசுக் கல்லூரி மாணவர் பெரிய கல்லூரியோடு மோதி, அந்த ஒரு ஆட்டத்திலேயே தேர்வாளர் கண்ணில் பட்ட காலம் உண்டு. அந்தப் பெரிய கல்லூரி இப்போது அந்தப் போட்டியிலேயே இல்லை.

நாடு முழுக்கக் காற்று இந்தப் பக்கம்தான் வீசுகிறது. ஒட்டுமொத்த விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்குத் தரும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையை அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் இருபது தடவைக்கு மேல் வாங்கியிருக்கிறது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் பலம் அது. 2024-ஆம் ஆண்டுக்கான கோப்பையோ தனியாரான சண்டிகர் பல்கலைக்கழகத்துக்குப் போனது. இரண்டாமிடமும் இன்னொரு தனியார் பல்கலைக்கழகத்துக்கே. குரு நானக் தேவ் மூன்றாமிடம்.

தமிழ்நாட்டில் 'அடுத்து யார்' என்ற பேச்சு சூடு பிடித்தது 2025 அக்டோபரில். தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகள், அரசு உதவிபெறுபவை உட்பட, தனியார் பல்கலைக்கழகமாக மாற அது வழி செய்தது. முன்பு 100 ஏக்கர் வேண்டும் என்றிருந்த நிலத் தேவை மாநகராட்சிப் பகுதியில் 25, நகராட்சியிலும் பேரூராட்சியிலும் 35, மற்ற இடங்களில் 50 ஏக்கர் எனக் குறைந்தது. உடனே எந்தக் கல்லூரிக்கு எத்தனை ஏக்கர் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. இட ஒதுக்கீடு என்னாகும், கட்டணம் என்னாகும் என்ற அவர்கள் கேள்விகள் நியாயமானவை. அந்த மாத இறுதிக்குள் மறு ஆய்வுக்காக மசோதாவைத் திரும்பப் பெறுவதாக உயர்கல்வி அமைச்சர் கோவி. செழியன் அறிவித்தார். இத்தனை விவாதத்திலும் கால்பந்து, கபடி, தடகளம் என்ற சொற்கள் காதில் விழவில்லை.

விழுந்திருக்க வேண்டும். ஒரு கல்லூரி பல்கலைக்கழகமாக மாறும்போது ஏற்கெனவே சேர்ந்த மாணவர்கள் பழைய பல்கலைக்கழகப் பட்டத்தோடுதான் வெளியேறுவது வழக்கம். அந்த வருடங்களில் மைதானத்தைக் கற்பனை செய்து பாருங்கள். மூன்றாமாண்டு கோல்கீப்பர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மாணவர். முதலாமாண்டு ஃபார்வர்ட் புதிய பல்கலைக்கழகத்தின் மாணவர். காலை ஆறு மணிக்கு இருவருக்கும் ஒரே பயிற்சி, ஒரே பி.டி. சார், ஒரே கோல் போஸ்ட். சவுத் ஜோனுக்குப் போகும்போது ஒரே அணியில் ஆட முடியாது. அந்த முதல் வருடம் புதிய பல்கலைக்கழகத்தின் அணி முழுக்க முதலாமாண்டுப் பிள்ளைகள். எதிரே கோழிக்கோடு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கிழிந்த வரைபடத்தைத் தைக்கிற வேலையை இப்போதைக்குச் சில பழைய போட்டிகள் செய்துகொண்டிருக்கின்றன. லயோலா கல்லூரியின் பெர்ட்ராம் நினைவுப் போட்டி, நந்தனத்தில் பக் நினைவுப் போட்டி. யார் எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்க்காமல் அழைக்கிறார்கள். நிகர்நிலை அணியும் இணைப்புக் கல்லூரி அணியும் நேருக்கு நேர் மோதுவது அங்கேதான். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர் பிரிவு மாவட்ட அளவில் நடப்பதால், கானாத்தூர் மாணவரும் செங்கல்பட்டு அரசுக் கல்லூரி மாணவரும் ஒரே களத்தில் இறங்குகிறார்கள். ஆனால் பல்கலைக்கழக அணிக்கான தேர்வு இவற்றில் நடப்பதில்லை. ஃபார்ம் 3-ம் இவற்றால் கிடைக்காது.

கலிபோர்னியாவிடமிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். யு.சி.எல்.ஏ. பணக்காரக் குழுவுக்குப் போனதால், அதே மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகமான பெர்க்லிக்கு வருமானம் குறைந்தது. இரண்டுக்கும் மேலான நிர்வாகக் குழு 2024 மே மாதம் ஒரு முடிவெடுத்தது: போனவர் நிற்பவருக்கு வருடம் ஒரு கோடி டாலர் கொடுக்க வேண்டும். இங்கே அவ்வளவு பணம் வேண்டாம். மசோதா மறுபடி வருமானால் நில அளவு, வைப்புத்தொகை ஆகியவற்றோடு இரண்டு வரி சேர்ந்தால் போதும். மாறுகிற கல்லூரி அடுத்த ஐந்து வருடத்துக்குப் பழைய பல்கலைக்கழகத்தின் இன்டர்-காலேஜ் போட்டியில் ஆட வேண்டும், தன் மைதானத்தை அதற்குத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு வரி. மாறும்போது பாதிப் படிப்பில் இருக்கும் வீரர்களின் பயிற்சி, பயணச் செலவு, ஹாஸ்டல் சலுகை எதுவும் நிற்கக்கூடாது என்று இன்னொரு வரி. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை வங்கிக் கணக்குகளை முடக்கிய அளவுக்குப் பணச் சிக்கலில் தவித்த சென்னைப் பல்கலைக்கழகத்தால், போகிறவர்கள் விட்டுச்செல்லும் இடத்தைத் தனியாக நிரப்ப முடியாது. மாமல்லபுரத்தில் எஃப்.சி. மெட்ராஸ் அகாதமியில் இன்று பந்து உதைக்கிற பையன்களும் நாளை ஏதோ ஒரு கல்லூரியில் சேரப்போகிறவர்கள்தான். அவர்கள் விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது அந்த இரண்டு வரி சட்டத்தில் இருக்க வேண்டும்.