தீவும் தண்ணீரும் – 7: ஹைத்தியின் மணற்பெட்டி

கடலுப்பு கலந்துவிட்ட ஜலத்தை எந்த மணல் வடிகட்டியாலும் நன்னீராக்க முடியாது என்பதையும், அதனாலேயே கிரிபாட்டி போன்ற பவளத் தீவுகளில் மழைநீர்த் தொட்டிக்குத் தனி மகத்துவம் உண்டு என்பதையும் சென்ற வாரம் பார்த்தோம். ஹைத்தியின் சங்கதி வேறு. மலையும் ஆறும் உள்ள பெரிய தீவொன்றின் மேற்குப் பாகமான அத்தேசத்தில், உப்பைவிடக் கிருமியே பெரிய சத்துரு.

2010 அக்டோபரில், ஐக்கிய நாடுகளின் அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு அர்த்திபோனித் நதியோடு சேரும் ஓடையில் கலந்ததன் விளைவாக, சுமார் ஒரு நூற்றாண்டு காலம் அங்கே தலைகாட்டாதிருந்த வாந்திபேதி பரவி, 8 லட்சம் பேரைப் பீடித்து, ஏறக்குறைய 10,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கிருமி நதியில் இறங்கிப் பரவச் சில வாரங்களே போதுமாயிருந்தன, ஐ.நா. பொதுச்செயலாளர் மன்னிப்புக் கோர 6 ஆண்டுகள் பிடித்தன.

அந்நதியின் பள்ளத்தாக்கிலேயே, 1956 முதல் தெஷாப்பெல் என்னும் ஊரில் நடந்துவரும் ஆல்பர்ட் ஷ்வைட்சர் மருத்துவமனை, இந்தக் கொள்ளைநோய்க்கு வெகு முன்பிருந்தே கிராமத்து வீடுகளில் மணல் வடிகட்டிகளை வைத்து வந்தது. இடுப்புயரக் காங்கிரீட் பெட்டி. அடியில் சரளை, அதன்மேல் சலித்துக் கழுவிய மணல், அதற்கும் மேலே துளையிட்ட தட்டு. வாளித் தண்ணீரைத் தட்டில் ஊற்றினால், அது மணலூடே இறங்கி, அடியிலிருந்து மேலேறும் குழாய் வழியாக மெல்ல வெளியே வழியும்.

மணலில் கிருமியை ஒழிக்கும் வித்தை புதிதன்று. 1892-ல் எல்பே நதி நீரை அப்படியே குடித்த ஹாம்பர்க் நகரம் 8,000-க்கு மேற்பட்டோரை வாந்திபேதிக்குப் பறிகொடுத்தபோது, அதே நதியில் அந்நகருக்கும் கீழே, இன்னும் அசுத்தமான நீரை எடுத்தும் மணலில் வடித்துக் குடித்த ஆல்டோனா பெரும்பாலும் தப்பிற்று. ஆனால் நகரத்து வடிகட்டியில் நீர் இடைவிடாது ஓடவேண்டும். குடிசையிலோ வேளைக்கு ஒரு வாளிதான். கனடாவின் கால்கரி சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் மான்ஸ், நீர் ஊற்றாத வேளையிலும் மணலுக்குமேல் சுமார் 5 சென்டிமீட்டர் நீர் நிற்கும்படி குழாயின் வாயை உயர்த்தி வைத்து, இந்தச் சிக்கலை அவிழ்த்தார். அந்த மெல்லிய நீர்ப்படலத்தின் ஊடாகப் பிராணவாயு இறங்குவதால், மணலின் மேற்பரப்பில் குடியேறும் நுண்ணுயிர்கள் சாகாமல் வாழ்ந்து, வந்து சேரும் நோய்க்கிருமிகளை அழிக்கின்றன.

அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை வடியும் நீரை நம்புவதற்கில்லை. ஓட்டம் குறைந்தால், மேல்மணலைக் கையால் இலேசாகக் கலக்கி, கலங்கல் நீரை மொண்டு கொட்டினால் போதும். சுத்தத்தில் அதீத சிரத்தையுள்ளவர்கள் மணல் முழுவதையும் அள்ளிப் பளிச்சென்று கழுவிவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான்.

அப்பள்ளத்தாக்கின் 107 வீடுகளை ஆராய்ந்து 2006-ல் வெளியான கட்டுரையொன்று, இவை சராசரி 98.5 சதவிகித ஈ.கோலை கிருமிகளை அகற்றியதாகக் கூறுகிறது. ஆயினும், குழாயடியில் சுத்தமாக இருந்த நீர், பாத்திரத்தில் தங்கியபின் பல வீடுகளில் மீண்டும் மாசுபட்டிருந்தது. கையும் குவளையும் உள்ளே போகாதபடி மூடியும் குழாயும் உள்ள பாத்திரம் ஒன்றைச் சேர்த்துக் கொடுக்காத தர்மம் பாதி தர்மம் என்பேன். அதில் குளோரின் சொட்டுகளும் விடலாம். தெளிந்த நீரில் அதன் வீரியம் அதிகம். பெட்டிக்குள் மட்டும் குளோரின் கலந்த நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் மணலில் வாழும் ஜீவன்கள் முதலில் மாண்டுபோகும்.

(தொடரும்)