வாத்துக்குஞ்சு போட்ட கோல்!

எந்த ஆபீஸை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் ஓர் ஊர், மூணு வருஷம் இன்னோர் ஊர், நடுவில் ஒரு டெபுடேஷன் என்று சுற்றிக்கொண்டே இருக்கிற ஆசாமி ஒருத்தர் கட்டாயம் இருப்பார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் பேரை எடுத்தாலே, 'அவரா..?' என்று ஓர் இழுப்பு இழுப்பார்கள்.

போர்ச்சுகல் கால்பந்தில் அந்த 'அவரா..?' யார் தெரியுமா? எடர்!

முழுப் பெயர் எடர்சிட்டோ அன்டோனியோ மசெடோ லோபெஸ். 1987 டிசம்பரில் கினி-பிசாவ் நாட்டின் தலைநகர் பிசாவில் பிறந்தவர். 1974 வரை போர்ச்சுகலின் காலனியாக இருந்த, மேற்கு ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு தேசம் அது. பிழைப்புத் தேடிப் போர்ச்சுகல் வந்த குடும்பம். வந்த இடத்தில் பிள்ளைக்குச் சோறு போட வழியில்லை. கோயம்ப்ரா நகரில் ஒரு குழந்தைகள் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். விடுதியின் பெயர் 'ஜிராசோல்'. அப்படியென்றால் சூரியகாந்தி. அம்மா, அப்பா இருந்தும் விடுதிப் பிள்ளையாகத்தான் வளர்ந்தான் பையன்.

கோயம்ப்ரா பழைய பல்கலைக்கழக நகரம். அந்த ஊர் பெரிய டீம் அகாடெமிகாவே மாணவர்கள் ஆரம்பித்ததுதான். ஆனால் எடர் நேராக அங்கே போய்விடவில்லை. பக்கத்துக் கிராமத்து அடேமியா, அப்புறம் மூன்றாம் டிவிஷனில் டூரிசென்ஸ் என்று புழுதியில் புரண்டுவிட்டுத்தான் 2008-ல் அகாடெமிகாவுக்கு வந்தார். ஃபார்வர்டு. ஆறடிக்கு மேல் உயரம். பந்தை நெஞ்சில் வாங்கி, முதுகால் எதிராளியைத் தடுத்து நிறுத்தி, கூட வருகிறவனுக்குத் தள்ளிவிடுவது ஸ்பெஷாலிட்டி. பார்க்கிறவர்கள் கண்ணில் படாத வேலை! கோல் போடுகிறவனுக்கு மாலை. பந்தைத் தள்ளிவிட்டவனுக்குப் பாவம், முதுகுவலிதான்.

2012-ல் பிராகா டீமுக்கு ட்ரான்ஸ்ஃபர். அங்கே மளமளவென்று கோல் போட்டார். அதே வருஷம் தேசிய அணிக்கும் அழைப்பு. 'அப்பாடா, நல்ல காலம் பிறந்துவிட்டது' என்று நினைக்கும்போதே 2013-ல் முழங்கால் மக்கர் செய்தது. அந்த சீசனே போயிற்று.

தேசிய அணியிலோ கதை வேறு. ஒரு பக்கம் கிறிஸ்டியானோ ரொனால்டோ. பந்து காலில் பட்டால் கோல். இன்னொரு பக்கம் நம்மவர். பட்டாலும் கோல் இல்லை! 2014 உலகக் கோப்பைக்குக்கூட பிரேஸில் போய் வந்தார். நாட்டுக்காக முதல் கோல் போட 2015 ஜூன் வரை, கிட்டத்தட்ட மூணு வருஷம், காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் இத்தாலியோடு ஆடிய ஒரு நட்பு ஆட்டத்தில். லிஸ்பன் டீக்கடை அரட்டையில் - சரி, அங்கே காபிக்கடை - எடர் பெயர் ஒரு ரெடிமேட் ஜோக்.

அந்த நேரத்தில்தான் வேல்ஸில் இருக்கும் ஸ்வான்ஸி டீம் சுமார் 50 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. இங்கிலீஷ் பிரீமியர் லீக்! உலகமே டி.வி.யில் பார்க்கும் லீக். 15 ஆட்டத்தில் இறங்கினார். கோல் எத்தனை? முட்டை! பாதி ஆட்டங்களில் கடைசி நேரத்தில் இறக்கிவிட்டு 'கோல் எங்கே?' என்று கேட்டால் மனுஷன் என்ன செய்வான் என்பது என் கட்சி. ஆனால் போர்டில் முட்டை முட்டைதானே?

ஆறே மாசம். 2016 பிப்ரவரியில் பிரான்சின் லீல் டீமுக்கு 'லோன்' அனுப்பினார்கள். நம்ம பாஷையில் டெபுடேஷன். அங்கே ஆறு கோல் போட்டார். லீல்காரர்கள் 'பரவாயில்லையே' என்று நிரந்தரமாகவே எடுத்துக்கொண்டார்கள். இந்த நாட்களில் எடருக்குத் துணை நின்றது சூசானா டோரஸ் என்ற பெண்மணி. பந்தைச் சொல்லித் தருகிற கோச் இல்லை; மனசைச் சரி பண்ணுகிற கோச். 'உன்னால் முடியும்' என்று ஒருத்தர் தினமும் சொல்ல வேண்டிய நிலைமையில் இருந்திருக்கிறார் மனிதர்.

2016 யூரோ கோப்பைக்கு ஃபெர்னாண்டோ சாண்டோஸ் அறிவித்த அணியில் எடர் பெயரைப் பார்த்ததும் போர்ச்சுகலில் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். போட்டியில் போர்ச்சுகல் ஆடிய லட்சணமும் அப்படித்தான். ஐஸ்லாந்து, ஆஸ்திரியா, ஹங்கேரி மூன்றோடும் டிரா. குரோஷியாவை எக்ஸ்ட்ரா டைமில், போலந்தைப் பெனால்டியில் ஜெயித்து, தத்தித் தத்தி அரையிறுதிக்கு வந்து வேல்ஸை 2-0 என்று தோற்கடித்தது. எடருக்கு அதுவரை கிடைத்தது சில நிமிஷங்கள்தான். மற்றபடி பெஞ்ச்.

ஜூலை 10. பாரீஸுக்குப் பக்கத்தில் ஸ்டாட் டெ பிரான்ஸ் மைதானம். 75 ஆயிரத்துக்கு மேல் கூட்டம். எதிரே பிரான்ஸ். சொந்த மண்ணில் 1984 யூரோவையும் 1998 உலகக் கோப்பையையும் ஜெயித்த டீம். அது போதாதென்று, அதற்கு முன் பிரான்ஸோடு ஆடிய பத்து ஆட்டத்திலும் வரிசையாகத் தோற்றிருந்தது போர்ச்சுகல். 1984, 2000, 2006 என்று மூன்று அரையிறுதிகள் அதில் அடக்கம். ஜாதகமே சரியில்லை!

எட்டாவது நிமிஷம் பயே வந்து மோதினார். ரொனால்டோவின் முழங்கால் போயிற்று. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து பார்த்தார். முடியவில்லை. 25-வது நிமிஷம் அழுதுகொண்டே ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். அவ்வளவுதான், கப் பிரான்ஸுக்கு என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் கோல் விழவில்லை. பிரான்ஸின் ஜின்யாக் அடித்தது கடைசி நேரத்தில் போஸ்டில் பட்டுத் திரும்பியது. அப்போதே கேட்டிருக்க வேண்டும், யார் பக்கம் காற்று என்று.

79-வது நிமிஷம் சாண்டோஸ் ஒரு காரியம் செய்தார். 18 வயது ரெனாட்டோ சாஞ்செஸை வெளியே எடுத்துவிட்டு எடரை இறக்கினார். யோசித்துப் பார்த்தால் கணக்கு சரிதான். டீம் முழுக்கப் பின்னால் நின்று தடுத்துக்கொண்டிருந்தது. அடித்து விரட்டுகிற பந்தை முன்னால் பிடித்து வைக்க ஒரு தடியன் வேண்டும். எடரின் 'கண்ணில் படாத வேலை'தான் அன்றைக்குத் தேவை. இறங்கும்போது, 'கோல் போடுவேன்' என்று தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார் என்று சாண்டோஸ் பிறகு சொன்னார். 'வெற்றி கோல் நீதான் போடப்போகிறாய்' என்று ரொனால்டோ தன்னிடம் சொன்னதாக எடர் சொன்னார். ஆளாளுக்கு ஜோசியம்!

0-0. எக்ஸ்ட்ரா டைம். 108-வது நிமிஷம் ஒரு தமாஷ். எடர் கையில் பட்ட பந்தை, பிரான்ஸின் கோசியெல்னி கையில் பட்டதாக நினைத்து ரெஃப்ரி ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். கோசியெல்னிக்கு மஞ்சள் அட்டை வேறு! கெர்ரேரோ அடித்த கிக் கிராஸ் பாரில் மோதியது.

அடுத்த நிமிஷம் மொட்டினோ தள்ளிய பந்து எடரிடம் வந்தது. கோலுக்கு முதுகு காட்டி நின்றவர், முட்டிக்கொண்டு வந்த அதே கோசியெல்னியைத் தோளால் தாங்கினார். திரும்பினார். ரெண்டு மூணு எட்டு. கோல் எங்கேயோ 25 கஜம் தள்ளி. அங்கிருந்து எடர் அடிப்பார் என்று எடரைத் தவிர யாரும் நினைக்கவில்லை. வலது காலால் ஓங்கி ஒன்று. தரையோடு தரையாகப் போன பந்து, லோரிஸ் பாய்வதற்குள் வலைக்குள்!

நாட்டுக்காக நட்பு ஆட்டம் தவிர்த்து எடர் போட்ட முதல் கோல் அது. யூசேபியோ காலத்தில் 1966-ல் கிடைக்காத, 2004-ல் சொந்த ஊர் லிஸ்பனில் கிரீஸிடம் பறிகொடுத்த பெரிய கோப்பை, போர்ச்சுகலுக்கு முதல் முறையாக வந்தது. போட்டவர் ரொனால்டோ இல்லை, 'அவரா..?'

அன்றிரவு சாண்டோஸ், ஆண்டர்சன் கதையை நினைத்துக்கொண்டு, அவலட்சணமான வாத்துக்குஞ்சு கோல் போட்டுவிட்டது, இனி அது அழகான அன்னம் என்றார். பாராட்டுதான். ஆனால் 'வாத்துக்குஞ்சு' என்பதை ஜெயிக்கிற வரை எல்லோரும் மனசுக்குள் வைத்திருந்தார்கள் பாருங்கள்!

சரி, அன்னம் ஆனபிறகாவது சுகமா? லீல் டீமோடு திரும்பிப் போனார். பிரான்ஸில் வெளியூர் மைதானங்களில் எடர் பந்தைத் தொட்டாலே 'ஊ' என்று கூச்சல். வேலை பார்க்கிற ஊர்க்காரர்களின் கல்யாணத்தையே நிறுத்தியவர் ஆயிற்றே!

2017-ல் மாஸ்கோ. லோகோமோட்டிவ், அதாவது ரயில்வே டீம். முதலில் டெபுடேஷன், பிறகு நிரந்தரம். அங்கேயும் இதே கூத்து. 2018 மே 5-ம் தேதி செனித்தோடு ஆட்டம், ஜெயித்தால் சாம்பியன். முடிய மூணு நிமிஷம் இருக்கும்போது ஒரே ஒரு கோல். போட்டவர் எடர்! 2004-க்குப் பிறகு லோகோமோட்டிவுக்குக் கிடைத்த முதல் லீக் பட்டம்.

அதே மாசம் உலகக் கோப்பைக்குப் போர்ச்சுகல் அணியை அறிவித்தார்கள். கோப்பை நடந்தது ரஷ்யாவில். மொராக்கோவுடன் போர்ச்சுகல் ஆடியது மாஸ்கோவிலேயே. ஆனால் மாஸ்கோவில் குடியிருந்த எடர் பெயர் லிஸ்டில் இல்லை. அறிவித்தவர் வேறு யாருமில்லை, அதே சாண்டோஸ்தான். அந்த வருஷம் ஃபார்மில் மற்றவர்கள் மேல் என்பது அவர் கணக்கு. தப்பென்று சொல்ல முடியாது. ஆனாலும் படிக்கும்போது நெஞ்சு ஒரு கணம் அடைக்கத்தான் செய்கிறது.

லோகோமோட்டிவில் நாலு வருஷம் இருந்து இரண்டு ரஷ்யக் கோப்பைகளும் பார்த்துவிட்டு, 2021-ல் சவூதி அரேபியாவின் அல்-ராயித் டீமுக்குப் போனார். ஒரு சீசன் ஆடினார். பெரிய செய்தியெல்லாம் இல்லை. 2022 டிசம்பர் கடைசியில் ரொனால்டோ அதே சவூதியின் அல்-நஸ்ர் டீமில் சேர்ந்தபோதுதான் உலகப் பத்திரிகைகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ரியாத்துக்கு ஓடின. கணக்குப் பார்த்தால் அந்த லீகில் ரொனால்டோவைவிட எடர் ஒரு வருஷத்துக்கு மேல் சீனியர்!