கவிழ்ந்து பூக்கும் கல்

ஆத்தங்குடியில் தரைக்கான பூக்கல் செய்பவர், தான் செய்யும் கல்லின் முகத்தைக் கடைசியில்தான் பார்க்கிறார். அவர் முன்னால் ஒரு சதுரக் கண்ணாடி கிடக்கிறது. அதன்மேல் உலோகத் தகட்டை வளைத்துச் செய்த அச்சு. அச்சின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறம்: இந்தக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டிச் சிவப்பு, அந்தக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி மஞ்சள். ஆப்ப மாவுப் பதத்தில் இருக்கும் சிமெண்ட்தான் நிறம். அச்சை ஆடாமல் அசையாமல் மேலே தூக்கினால், நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஆனால் கலக்காமல் நிற்க வேண்டும். நின்றால் அது பூ. கலங்கிவிட்டால் கழுவிவிட்டு மறுபடி முதலிலிருந்து.

பூ நின்றதும் அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த தூளைத் தூவுகிறார். அது நிறத்திலுள்ள அதிகப்படி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கும் மேலே ஈரச் சாந்து. கரணையால் மட்டமாகத் தடவிவிட்டால் பூ முழுதாக மறைந்துபோகிறது. கண்ணுக்குத் தெரிவது வெறும் சாம்பல் நிற முதுகுதான். ஒரு நாள் இறுகவிட்டு, பிறகு கண்ணாடியோடு சேர்த்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். சில நாள் ஊறிய கல்லை எடுத்து வெயிலில் காயவைத்தால் கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்கிறது. அப்போதுதான் கல் முகம் காட்டும்.

இதில் சூளை கிடையாது. மெருகுப் பூச்சு கிடையாது. இயந்திர அழுத்தமும் கிடையாது. அப்படியானால் அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது? ஈரச் சிமெண்ட் தான் எதன்மேல் படுத்திருக்கிறதோ அதன் மேற்பரப்பை அப்படியே படியெடுத்துக்கொள்ளும். மரப்பலகையின்மேல் ஊற்றினால் மரத்தின் ரேகை விழும். கண்ணாடியின்மேல் ஊற்றினால் கண்ணாடியின் வழவழப்பு விழும். ஆத்தங்குடிக் கல்லின் மினுக்கு, கண்ணாடியிடம் வாங்கிய கடன். தொட்டியில் ஊறவைப்பதற்கும் இதே போல எளிய காரணம்தான். சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை, நீரோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. தண்ணீர் குடிக்காத கல் பிஞ்சிலேயே வெம்பிய காய் மாதிரி, சீக்கிரம் பொடிந்துவிடும்.

காரைக்குடிக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்துச் செட்டிநாட்டுப் பகுதியில் இருக்கும் சிற்றூர் ஆத்தங்குடி. அந்தப் பக்கத்து மணலுக்கே ஒரு குணம் உண்டு, அது வேறு ஊரில் வராது என்று அங்கே கல் வார்ப்பவர்கள் சொல்வார்கள். சுற்றுலா வழிகாட்டிகளும் விளம்பரப் பலகைகளும் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கின்றன: இது தொன்றுதொட்டு வரும் கலை என்று. அதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

சிமெண்ட் இல்லாமல் இந்தக் கல் இல்லை. இன்று நாம் சிமெண்ட் என்று சொல்லும் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டதே 1824-இல்தான். இந்தியாவில் அதைச் செய்துபார்க்கும் முதல் முயற்சி, கிளிஞ்சலை மூலப்பொருளாகக் கொண்டு, 1904-இல் சென்னையில் நடந்தது, நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் தொழிற்சாலை வந்த பிறகுதான் உள்நாட்டுச் சிமெண்ட் சந்தைக்கு வந்தது. அதுவரை கப்பலில் வந்த பீப்பாய்ச் சிமெண்ட்தான். ஆக, ஆத்தங்குடிக் கலைக்கு எவ்வளவு தாராளமாக வயது போட்டாலும் நூறு நூற்றுச் சொச்சம் ஆண்டுகளைத் தாண்டாது. நம் கொள்ளுத்தாத்தா காலத்துப் புதுமை அது.

சிமெண்டில் பூப்போட்ட தரைக்கல்லும் செட்டிநாட்டில் பிறந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் அது வளர்ந்தது. 1867-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பார்சிலோனா நிறுவனம் ஒன்று அதைக் காட்சிக்கு வைத்தது. சுடவேண்டாம், அழுத்தினால் போதும் என்பதுதான் அதன் கவர்ச்சி. நீரழுத்த இயந்திரம் சூளையின் வேலையைச் செய்தது. ஐரோப்பியர் ஆண்ட ஊர்களுக்கெல்லாம் இந்தக் கல் பரவியது: ஹவானாவின் மாடங்கள், மொராக்கோவின் முற்றங்கள், சைகோனின் பழைய வீடுகள். அந்தச் சைகோனில் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கடை வைத்து வட்டித்தொழில் செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பார்சிலோனாவின் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி கடல்பாசியும் நத்தையும் நட்சத்திர மீனும் பதித்த அறுகோணச் சிமெண்ட் கல் ஒன்றை வடிவமைத்தார். அதே வடிவம் இன்று அந்நகரின் பாசேச் தே கிராசியா வீதியின் நடைபாதையாகவே கிடக்கிறது.

பம்பாயில் கதை வேறு மாதிரி. இங்கிலாந்திலிருந்து தரைக்கல் இறக்குமதியாகிக்கொண்டிருந்த காலத்தில், சுதேசி உணர்வோடு 1922-இல் அங்கே பாரத் ஃப்ளோரிங்ஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் தரையை நாமே செய்வோம் என்பது அன்றைக்கு அரசியல்.

ஆத்தங்குடியின் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்றால், இயந்திரத்தைத் தூக்கி எறிந்ததில். அழுத்தம் கொடுக்கும் எந்திரத்துக்குப் பதில் கண்ணாடி, கரணை, பொறுமை. குடிசைக்குள் உட்கார்ந்து ஒருவரே ஒரு கல்லை முழுதாக முடித்துவிடலாம். ஒரு சுதந்திரமும் இதில் உண்டு: அச்சை எடுத்த பிறகு நிறம் ஈரமாகவே கிடப்பதால், ஒரு குச்சியை எடுத்து இழுத்து ஓர் இலைக்குக் காம்பு வைக்கலாம், பளிங்கு ரேகை மாதிரி கலக்கிவிடலாம். பரம்பரை என்றால் ஆயிரம் வருடம் ஆகியிருக்க வேண்டும் என்பது நம்மிடமுள்ள ஒரு மூடநம்பிக்கை. வெளியூர்ச் சரக்கை வாங்கி, பிரித்துப் பார்த்து, தன் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வதும் பரம்பரையின் வேலைதான்.

இந்தக் கல்லை விரிக்கப் பெரிய பெரிய தரைகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார், சம்பாதித்ததை ஊரில் வீடாக நிறுத்தினார்கள். தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, சுவரில் பதிக்கும் பூ ஓடு ஜப்பானிலிருந்து வந்தது. சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு. இறக்குமதிப் பளிங்கு முகப்பின் கௌரவத்துக்கு. உள்ளே ஆச்சிகள் புழங்கும் இடத்திலும், கல்யாணப் பந்தி ஓடும் நடைகளிலும், வெறுங்காலுக்குக் குளிர்ச்சியாக ஆத்தங்குடிக் கல். அது அறையின் நடுவே ஒரு கோலம் போலவும், ஓரங்களில் சேலைக் கரை போலவும் பதிக்கப்பட்டது. வடிவங்களில் ஐரோப்பா பாதி, கோலப்பொடி பாதி.

பணம் வந்த வழியிலேயே இடியும் வந்தது. 1930-களின் உலக மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்பர்மாவின் நெல் நிலங்களில் ஏறத்தாழ கால் பங்கு நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. நடந்தும் கப்பலேறியும் திரும்பியவர்கள் பலர். சுதந்திர பர்மா அந்த நிலங்களைத் தேசியமயமாக்கிக்கொண்டது. நூறு பங்காளிகள் பெயரில் இருக்கும் வீட்டை யார் பராமரிப்பது? பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கதவும் தூணும் எனாமல் வாளியும் இன்றும் கிடைக்கும். பெயர்க்க முடியாமல் தங்கிப்போனது பெரும்பாலும் தரைதான்.

பிறகு மொசைக் வந்தது, கிரானைட் வந்தது, குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாகப் பீங்கான் டைல்ஸ் வந்தது. ஆத்தங்குடிக் கல்லைக் கேட்பவர்கள் குறைந்தார்கள். ஆத்தங்குடிக்குத் திரும்ப மூச்சு வந்தது, பழைய வீடுகள் சில தங்கும் விடுதிகளானபோதும், நகரத்துக் கட்டடக் கலைஞர்கள் தரையைக் கவனிக்க ஆரம்பித்தபோதும். 2014-இல் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. இன்று சென்னையில் காபிக் கடை திறப்பவர்கூட ஆத்தங்குடித் தரை கேட்கிறார்.

கேட்பவர்களில் பலர் அதை வளர்க்கத் தெரியாமல் கெடுக்கிறார்கள். பதித்து முடித்ததும் உமியும் தேங்காய் எண்ணெயும் போட்டுத் தேய்ப்பது பழைய முறை. அதன் பிறகு துடைக்கும் தண்ணீரில் எப்போதாவது சில துளி எண்ணெய், மற்றதைப் பாதங்கள் பார்த்துக்கொள்ளும். நடக்க நடக்கத்தான் இந்தக் கல் மெருகேறும். வேலை முடிந்த முதல் வாரத்திலேயே பளபளப்பு போதவில்லை என்று புகார் சொல்வது, ஊறுகாய் போட்ட அன்றே உப்பு இறங்கவில்லை என்பதைப் போல. குளியலறை கழுவும் ஆசிட் மட்டும் இதற்கு ஆகாது. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பை ஆசிட் அரித்துவிடும். முகம் வெளுத்துப் போகும். எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும் சிந்தி வெகுநேரம் கிடந்தாலும் தடம் விழும். சமையலறைக்கு இதைப் போட ஆசைப்படுபவர்கள் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பது நல்லது. சாதாரணத் தேய்மானத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. நிறம் மேலே அச்சடித்த படம் இல்லை, கனமான ஓர் அடுக்கு. தேய்ந்தாலும் அடியிலும் அதே பூ இருக்கும்.

படமாகவே அச்சடித்தவையும் கடைக்கு வந்துவிட்டன. ‘ஆத்தங்குடி டிசைன்’ என்ற பெயரில் விற்கும் பீங்கான் டைல்ஸில் ஒவ்வொன்றும் மற்றொன்றின் அச்சு அசல் நகல்: அதே இதழ், அதே வளைவு, அதே இடத்தில் அதே செயற்கைக் கறை. கையால் வார்த்தவற்றில் பத்துக் கல்லைப் பக்கத்தில் வைத்தால் பத்தும் அண்ணன் தம்பி மாதிரி. சாயல் ஒன்று, முகம் வேறு. ஒன்றில் சிவப்பு ஒரு நூல் பச்சைக்குள் கசிந்திருக்கும். இன்னொன்றில் சின்னக் காற்றுக் குமிழ்.

முன்பக்கத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கடையில் ஒரு கல்லைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பீங்கானின் முதுகில் வார்ப்பு வரிகளும் கம்பெனிப் பெயரும் இருக்கும். ஆத்தங்குடிக் கல்லின் முதுகு சொரசொரப்பாக, மணல் மணலாக, கரணை போன போக்கில் இருக்கும்.