பந்தாட்ட வீராங்கனைகளும் ஒப்பந்த விலங்கும்

மரக்காணத்து உப்பளங்களைக் காண்போருக்கு அன்னிய சர்க்காரின் உப்பு ஏகபோகம் நினைவுக்கு வராமலிராது. கடலும் வெயிலும் நம்முடையவை; ஆயினும் அனுமதியின்றி உப்பெடுத்தவன் குற்றவாளி. 1930-இல் வேதாரண்யத்தில் நம்மவர் இதற்காகவே சிறை புகுந்தனர். விளையாட்டிலும் இவ்வித ஏகபோகம் உண்டு. தன் அங்கீகாரம் பெறாத பந்தயங்களில் ஆடுவதில்லையென்று ஆட்டக்காரர்களிடம் அகில இந்திய சதுரங்க சம்மேளனம் உறுதிமொழி வாங்கி வந்தது. அது அதிகார துஷ்பிரயோகமென்று 2018-இல் இந்தியப் போட்டி ஆணையம் தீர்ப்பளித்து அபராதமும் விதித்தது.

பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர், பூல் முதலிய மேஜைப் பந்தாட்டங்களில் இத்தகைய தளை பெண்மணிகளையே அதிகம் வருத்தும். சென்னை அனுபமா ராமச்சந்திரன் 2025-இல் தோஹாவில் உலக ஸ்நூக்கர் பட்டம் வென்றார். ஆயினும் பெண்களுக்குப் பரிசுப் பணம் தரும் பந்தயங்கள் சொற்பமே. இரண்டில் ஒன்றை அடைத்தால் பாதி ஜீவனம் போயிற்று!

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, தொழிலைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாதென்கிறது. ஆனால், வக்கீல்கள் அறிவார்கள், ஒப்பந்தம் நடப்பிலுள்ள காலத்துத் தடையைக் கோர்ட்டுகள் பெரும்பாலும் ஏற்கின்றன. 2006-இல் ஜாகீர் கான் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு செல்லாதெனக் கருதியது, கெடு முடிந்த பின்னும் தொடர்ந்த தடையையே. ஆகையால் கையெழுத்திடுமுன் வீராங்கனை கேட்கட்டும்: பிறர் பந்தயத்துக்குப் போகாதிருக்கும் நாட்களுக்கு என்ன சம்பளம்? அதற்கு விடையில்லாத பத்திரத்தில் அவர் பேனா படவேண்டாம்.