வாய்மையும் இன்சொல்லும்



உண்மை பேசுக, இனிமையாகப் பேசுக என்னும் இரண்டு அறிவுரைகளை இளமை முதல் கேட்டு வருகிறீர்கள். இவ்விரண்டும் முரணும் வேளையில் எதனைக் கைக்கொள்வது? மனுநீதி நூலின் நான்காம் அத்தியாயம் இன்னாத உண்மையைத் தவிர்க்கச் சொல்கிறது. இனிக்கும் பொய்யையும் உடனே விலக்கிவிடுகிறது. அப்படியானால் எஞ்சுவது மௌனம்தானா என்று நீங்கள் கேட்கலாம்.

திருக்குறளின் 30ஆம் அதிகாரம் வாய்மை. எவருக்கும் தீங்கு விளைவிக்காத சொல்லே வாய்மை என்று அது தொடங்குகிறது. அடுத்த குறளோ, குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. பலர் இவ்வளவோடு நூலை மூடிவிடுகிறார்கள். தேர்வில் தோற்ற மாணவனும் வீட்டில் இக்குறளையே துணைக்கு அழைப்பதுண்டு! ஆனால் பரிமேலழகர் இவ்வாயிலை மிகவும் குறுக்கிவிட்டார். கேடோ சாவோ எய்தும் நிலையில் நிற்கும் ஓர் உயிர், அப்பொய்யினால் அதிலிருந்து நீங்குவதையே அவர் நன்மை எனக் கொண்டார். போதாக்குறைக்கு, நெஞ்சறியப் பொய் சொன்னவனை அந்நெஞ்சே சுடும் என்னும் எச்சரிக்கை மூன்றாம் குறளாகவே வந்து நிற்கிறது.

வியாச பாரதத்தின் கர்ண பருவத்தில் கௌசிகன் என்னும் முனிவன் கதை உண்டு. உண்மையே பேசுவது அவன் விரதம். கள்வருக்கு அஞ்சிச் சிலர் காட்டில் ஒளிந்தனர். துரத்தி வந்த கள்வர் கேட்க, அவன் வழியைக் காட்டினான்; ஒளிந்தவர் மாண்டனர். அவன் எய்தியது நரகம். கண்ணன் இக்கதையைச் சொன்னது அருச்சுனனுக்கு. காண்டீவத்தைப் பிறரிடம் கொடு என்பவனைக் கொல்வதாக அவன் சூளுரைத்திருந்தான். அச்சொல்லைச் சொன்னவரோ தமையனாராகிய தருமர்!

நம் அன்றாடப் பேச்சில் கள்வரும் இல்லை, காடும் இல்லை. சோழவரத்தில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உழைக்கும் தந்தையர் ஒரு நாள் ஊதியத்தை இழந்து பள்ளிக்கு வருவார்கள். “ஐயா, பையன் தேறுவானா?” என்பதே அவர்கள் கேள்வி. கணக்கில் பின்தங்கிய பிள்ளையைப் பற்றி, “நன்றாகத் தேறிவிடுவான்” என்று சொல்லி அனுப்புவது எளிது. அதனால் நன்மை யாருக்கு? வாடிய முகத்தைக் காண விரும்பாத ஆசிரியருக்குத்தான். பிள்ளைக்கோ ஓர் ஆண்டு வீணாகும். இத்தகைய பொய்யைக் கருணை என்று நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன்.

“உன் மகன் மண்டு” என்று நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் சொல்வதும் வாய்மை ஆகாது. தனியே அமரச் செய்து, “பின்னக் கணக்கில் தடுமாறுகிறான்; மாலையில் ஒரு மணி நேரம் இங்கே இருக்கட்டும்” என்று சொல்லலாம். செய்தி குறையவில்லை, இடமும் குரலும் மாறின, செய்ய வேண்டியதும் உடன் சேர்ந்தது. மனு மௌனத்தை விதிக்கவில்லை என்றே நான் கொள்கிறேன்.

சொல்லும் முறைக்கு அவ்வளவு வலிமையா என்பீர்கள். அருச்சுனன் தன் சூளையும் காத்துத் தமையனையும் காக்கக் கண்ணன் காட்டிய வழியைக் கேளுங்கள். பெரியவரை மரியாதையின்றி ‘நீ’ என்று விளிப்பதே அவரைக் கொன்றதற்கு ஒப்பு, ஆகவே அவ்வாறு பேசிவிடு என்றான். அருச்சுனனும் தருமரைக் கடுமையாகப் பேசினான். பேசி முடித்ததும் நாணம் தாங்காமல், தன்னையே மாய்த்துக்கொள்ள வாளை உருவினான். கண்ணன்தான் அவனைத் தடுத்தான்.