குறைந்த குடலுக்குத் தண்ணீர் மட்டும் போதாது!

சிறுகுடலின் பெரும்பகுதியை அறுவை சிகிச்சையில் இழந்த ஒருவர் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓயாத வயிற்றுப்போக்கு, நாவறட்சி. அக்கறையுள்ள குடும்பம் என்ன செய்யும்? "தண்ணி நிறைய குடிங்கப்பா" என்று குவளையை நீட்டும். பினாங்கு வெயிலுக்கு நல்ல அறிவுரைதான். இவருக்கோ, குடிக்கக் குடிக்க உடல் மேலும் வறண்டு போகலாம்!

நம்பக் கடினமாக இருக்கிறதா? பெரியவர்களுக்குச் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். இரத்தக்குழாய் அடைப்பு, குடல் முறுக்கு, குரோன் நோய் போன்றவற்றால் அது 2 மீட்டருக்கும் குறைந்துவிட்டால் 'ஷார்ட் பவுல் சின்ட்ரோம்' என்கிறார்கள். பலருக்கு மிஞ்சுவது குடலின் மேல்பகுதிதான். அதன் சுவர் உப்பைத் தடுத்து நிறுத்தாது. வெறும் தண்ணீர் வந்ததும் இரத்தத்திலுள்ள உப்பு குடலுக்குள் கசிகிறது. பிறகு இரண்டும் சேர்ந்தே வெளியேறுகின்றன. பெருங்குடலும் இல்லாமல், வயிற்றில் பை பொருத்தப்பட்டவர்களுக்கு இந்த இழப்பு மிக அதிகம்.

சரி, தே தாரிக்? பினாங்கின் பெயர்பெற்ற ஜாதிக்காய் பானம்? மிகுந்த இனிப்பு, உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. அது மட்டும் போதாது.

உப்பையும் சர்க்கரையையும் அளவாகச் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. இவ்விரண்டையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் ஏற்பாடு குடல் சுவரில் இருப்பதை 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் செல்கிறது. காலரா நோயாளிகளைக் காக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலின் அடிப்படையும் இதுவே. குடல் குறைந்தவர்களுக்கு உப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கலவை இது: 1 லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம். நாள் முழுவதும் சிறுகச் சிறுகப் பருக வேண்டும். இருதய நோய், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பெருங்குடல் மிஞ்சியவர்கள் ஒருவகையில் பாக்கியசாலிகள். சிறுகுடல் செரிக்காமல் விட்ட மாவுச்சத்தை அங்குள்ள நுண்ணுயிர்கள் கொழுப்பு அமிலங்களாக மாற்ற, உடல் அதிலிருந்து சக்தி பெறுகிறது. உப்பும் நீரும் கூடவே உறிஞ்சப்படுகின்றன. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், எளிதில் செரிக்காத மாவைக் கரைசலில் சேர்த்தால் காலரா வயிற்றுப்போக்கு குறைவதை 2000ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். ஆகவே இவர்களுக்குச் சோறும் இட்லியும் ஆகும். எண்ணெய் மிதக்கும் நாசி கண்டார் குழம்பில்தான் கவனம் தேவை. பசலைக்கீரையையும் குறைக்கச் சொல்வார்கள். செரிக்காத கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், கீரையிலுள்ள ஆக்சலேட் தனித்து உடலில் சேர்ந்து சிறுநீரகக் கல்லாகிவிடும். பாட்டி வைத்தியம் இங்கே எடுபடாது.

உணவு நிதானமாக நகர்ந்தால் சத்து கூடுதலாகச் சேரும். அதற்காகச் சாப்பாட்டுக்கு முன் லோபெரமைட் மாத்திரை தரப்படுகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி போனவர்களுக்கு வைட்டமின் பி12 ஊசி அவசியம். மிஞ்சிய குடலும் சும்மா இருப்பதில்லை. வாய்வழி உணவு கிடைக்கக் கிடைக்க அதன் உட்சுவர் தடித்து, ஓரிரு ஆண்டுகளில் உறிஞ்சும் திறன் கூடுகிறது. "சாப்பிட்டால்தானே போகிறது" என்று பட்டினி கிடப்பது இந்த வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த வளர்ச்சியைத் தூண்டும் டெடுகுளுடைட் ஊசிக்கு 2012இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. விலைதான் மலைக்க வைக்கிறது.

இவையெல்லாம் போதாதபோது இரத்தக்குழாய் வழியாகவே உணவு ஏற்றுகிறார்கள். கிருமித்தொற்றும் கல்லீரல் பாதிப்பும் அதன் அபாயங்கள். அதையும் தாங்க முடியாத நிலைக்கு வருபவர்களுக்குக் குடல் மாற்று அறுவை சிகிச்சை உண்டு. சென்னை ரேலா மருத்துவமனையில் 2022இல் ஒரு சிறுவனுக்கு அது செய்யப்பட்டது. தம் சிறுகுடலில் ஒரு பகுதியைத் தந்தவர் அவனுடைய தந்தை.